புகைப்படமும் ஓவியன் கண்ணும்

புகைப்படம் தோன்றியதனால் ஓவியக் கலைக்கு விளைந்தது என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் கூறுவர். உருவத்தை உள்ளவாறு காட்டும் தொழிலை இயந்திரம் பறித்துக்கொண்டது. ஓவியன் பிழைப்பை இழந்தான் என்பர். இதில் உண்மை உண்டு. தந்தத் துண்டின் மீது மனித முகத்தைச் சிற்றுருவாக எழுதி வாழ்ந்த ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தம் தொழில் குன்றக் கண்டனர். ஆயினும் இது பாதிக் கதையே. மற்றப் பாதியைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

ஓவியத்தில் அமைப்பு என்று ஒன்று உண்டு. எதை நடுவில் வைப்பது, எதை ஓரத்துக்குத் தள்ளுவது, எதைப் பெரிதாக்குவது, எதை அடியோடு விட்டுவிடுவது, படத்தின் நான்கு ஓரங்களும் எங்கே முடிவது என்று தீர்மானிப்பதே அமைப்பு. செய்யுளுக்கு யாப்பு எப்படியோ அப்படிப் படத்துக்கு இது. வண்ணமும் கோடும் நம் கண்ணுக்கு முதலில் படுகின்றன. அவற்றைத் தாங்கி நிற்கும் அமைப்பு கண்ணுக்குப் படாமலே தன் வேலையைச் செய்கிறது. புகைப்படம் ஓவியத்தின் இந்த அமைப்பையே மாற்றியது. அந்த மாற்றத்தின் சுவடுகள் பாரிஸ் நகரத்தில் மட்டுமல்லாமல், நம் பழைய சேலம் ஜில்லாவிலும் கிடக்கின்றன.

முதலில் நம் பழைய முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே ஒரே சுவரில் சுந்தரரின் திருமணம் தடைப்படும் காட்சியும் உண்டு. அவர் வெள்ளை யானை மீதேறிக் கயிலைக்குச் செல்லும் காட்சியும் உண்டு. ஒரே மனிதர் ஒரே சுவரில் இரண்டு இடங்களில், இரண்டு வயதில் தோன்றுகிறார். காலம் அங்கே ஒரு நொடியில் நின்றுவிடவில்லை. ஆறு போல் சுவர் முழுதும் ஓடுகிறது. பிற்காலத்துத் தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தைப் பாருங்கள். தெய்வம் நடுவிலே பெரிதாக வீற்றிருக்கும். பக்கத்தில் நிற்போர் தகுதிக்கேற்பச் சிறியராவர். அருகில் இருப்பது பெரியது, தொலைவில் இருப்பது சிறியது என்ற கணக்கு அங்கே செல்லாது. மேன்மையுடையதே பெரியது. அன்றியும், அந்தப் பலகையின் ஓரம் எவருடைய கையையோ தோளையோ வெட்டுவதில்லை. வளைவும் தூணும் எழுப்பி, உள்ளே இருப்பவர்களை முழுமையாகக் காத்து நிற்கும்.

இத்தகைய கண்களுக்குப் பழகிய நாட்டில், 1792-ஆம் ஆண்டில் இரண்டு ஆங்கில ஓவியர்கள் பயணம் செய்தனர். தாமஸ் டேனியல் என்பவரும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியம் டேனியல் என்பவருமே அவ்விருவர். முந்திய ஆண்டுவரை திப்பு சுல்தான் வசமிருந்த ராயக்கோட்டை மலையை அவர்கள் படமாக எழுதினர். 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 படங்கள் கொண்ட பெருந்தொகுதியில் அந்த மலையும் இடம்பெற்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புகைப்படம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் காமிரா பிறந்திருந்தது. அதை இருட்டுப் பெட்டி என்று சொல்லலாம். பெட்டியின் ஒரு பக்கத்தில் கண்ணாடி வில்லை இருக்கும். அதன் வழியே நுழையும் ஒளி, உள்ளே வைத்துள்ள முகக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒரு தாளின் மீது வெளிக்காட்சியை அப்படியே விழச் செய்யும். ஓவியன் அந்த ஒளியுருவத்தின் மேல் பென்சிலை ஓட்டிக் கோடுகளை எடுத்துக்கொள்வான். டேனியல்கள் இந்தியப் பயணத்தில் இக்கருவியைப் பயன்படுத்தினர். எனினும் பெட்டி காட்டியது முழுவதையும் அவர்கள் ஏற்கவில்லை. முன்னால் நிழலடர்ந்த ஒரு மரம், நடுவே வெளிச்சம் விழும் வெளி, அளவு தெரிவதற்காகச் சிறிய மனித உருவங்கள், பின்னால் மங்கலாகத் தேயும் மலை என்று அக்காலத்து ஆங்கில நிலக்காட்சி ஓவியத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. கோட்டைப் பெட்டி தந்தது. அமைப்பை அந்த இலக்கணம் தந்தது.

1839-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. இருட்டுப் பெட்டிக்குள் விழுந்த உருவம் இப்போது தானே பதிந்து நிற்கக் கற்றுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில் டாகேர் பாரிஸ் வீதி ஒன்றைப் படமெடுத்திருந்தார். சந்தடி மிக்க அவ்வீதியில் ஒரு வண்டியும் தெரியவில்லை. தகடு உருவத்தைப் பதிக்கப் பல நிமிஷங்கள் ஆகும். நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் அதற்குள் மறைந்துவிட்டன. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். இயந்திரம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்புகிறோமே, அதன் முதல் படங்களில் ஒன்றே ஒரு நகரத்து மக்களை மறைத்துவிட்டது.

நம் நாட்டுக்கு இக்கலை விரைவாகவே வந்தது. சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளியில், அந்தப் பத்தாண்டிலேயே சித்திரத்தோடு புகைப்படமும் பயிற்றுவிக்கப்பட்டது. 1856-இல் சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்றும் அமைந்தது. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கி வந்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய தொகுதிகளுள் ஒன்று, ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் காட்டுவது. டேனியல்கள் எழுதிய அதே ராயக்கோட்டையை, ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப் பிறகு காமிரா கண்டது.

டிரைப் கையாண்ட முறை மெழுகு தடவிய காகிதத்தில் எதிர்ப்படம் எடுப்பது. அந்தக் காகிதம் மெதுவாகப் பதியும். ஆதலால் அவர் படங்களில் மனிதர்கள் மிகக் குறைவு. வானத்தின் நீலம் அதில் வெறும் வெள்ளையாகவே விழும். வானம் வெறுமையாக இருப்பதை அவர் மனம் ஒப்பவில்லை. எனவே எதிர்ப்படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரத்தின் இலைக் கூட்டங்களையும் திருத்தினார். புகைப்படக்காரரே தூரிகை எடுத்த விந்தை இது. ஓவியன் வகுத்த அமைப்பைத்தான் இயந்திரம் தொடக்கத்தில் பின்பற்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டேனியல் விரும்பினால் ஒரு மரத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றி எழுதலாம். டிரைப்பால் அது இயலாது. மரம் நகராது, தாம்தான் நகர வேண்டும். நான்கு அடி தள்ளி நின்றால் தூண் மறைக்குமா, கீழிறங்கி நின்றால் மலை உயருமா என்று அவர் நடந்து நடந்து பார்த்தாக வேண்டும். புகைப்படம் ஓவியனுக்குத் தந்த முதற்பாடம் இதுவே. அமைப்பு என்பது படத்துக்குள் பொருள்களை இடம் மாற்றுவதால் மட்டும் அமைவதன்று. பார்ப்பவன் நிற்கும் இடத்தாலும் அமைவது.

இரண்டாவது பாடம் ஓரத்தைப் பற்றியது. 1860-ஐ ஒட்டிச் சிறிய காமிராக்கள் தெருவில் நடப்போரையும் பிடிக்கத் தொடங்கின. அப்படங்களின் ஓரத்தில் பாதி மனிதன் நிற்பான். குதிரையின் தலை மட்டும் உள்ளே நுழைந்திருக்கும். எடுத்தவர் இவற்றைக் குறையென்றே எண்ணியிருக்கக்கூடும். பாரிஸில் டேகா என்ற ஓவியர் இத்தகைய காட்சியில் உயிர்த் துடிப்பைக் கண்டார். அவர் 1875-இல் எழுதிய கான்கார்டு சதுக்கம் என்ற ஓவியத்தை உங்களுக்குச் சொல்லால் காட்டுகிறேன். ஒரு கனவான் சுருட்டோடு வலப்புறம் நோக்கி நடக்கிறார். அவருடைய இரு பெண்மக்களும் நாயும் வேறு திசையில் திரும்பியிருக்கிறார்கள். இடப்பக்க ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். சட்டம் அவர் உடலைப் பாதியாக வெட்டிவிடுகிறது. முன்னிருப்போர் கால்களும் கீழே அறுபடுகின்றன. அவர்களுக்குப் பின்னால் சதுக்கத்தின் பெரும்பகுதி வெறிச்சென்று கிடக்கிறது. பழைய ஆசிரியர் ஒருவர் இதைக் கண்டால், அமைக்கத் தெரியாதவன் வேலை என்றிருப்பார். உண்மையில் மிகவும் எண்ணி அமைத்த ஓவியம் இது. சட்டத்துக்கு வெளியேயும் உலகம் தொடர்கிறது என்பதை அந்த வெட்டு நமக்கு உணர்த்துகிறது. இதைப் புகைப்படம் ஒன்றே கற்பித்தது என்று சொல்லிவிட முடியாது. அக்காலத்தில் பாரிஸுக்கு வந்த ஜப்பானிய அச்சுப் படங்களும் அதே பாடத்தைக் கற்பித்தன.

இந்த வேறுபாட்டை நம் ஊர்க் காட்சியில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. அங்கிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வயல்களுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நீர் கொண்டு செல்கிறது. பழைய இலக்கணப்படி இதை எழுதும் ஒருவர், இருபுறமும் தென்னை நிறுத்தி, அணையை முழு நீளத்துக்கும் நடுவில் காட்டி, குளிப்போரைச் சிறிதாக வைத்து, மேலே மேகம் தீட்டுவார். படம் அழகாகவே இருக்கும். மற்றொருவர் கரையோரத்து மீன் கடையருகே தாழ உட்கார்ந்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படத்தின் கீழ்மூலையில் பெரிய வாணலியும் அதைக் கிளறும் ஒரு கையும் மட்டுமே தெரியும். கைக்கு உரியவர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். அதற்கு மேல் ஆறு வெயிலில் ஒரு வெள்ளைப் பட்டை. அணை உச்சியில் மெல்லிய ஒரு கோடு. வலப்பக்கத்தில் ஓடும் சிறுவனின் முதுகு பாதியில் அறுபடுகிறது. முதற்படம் ஜேடர்பாளையம் எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லும். இரண்டாவது படம் ஒரு நாள், ஒரு பொழுது, ஒருவர் அங்கே இருந்தார் என்று சொல்லும். புகைப்படம் பிறப்பதற்கு முன் இந்த இரண்டாவது படம் எவர் மனத்திலும் எளிதில் தோன்றியிராது.

மூன்றாவது பாடம் காலத்தைப் பற்றியது. பாயும் குதிரையை முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னும் நீட்டியபடி எழுதுவது ஐரோப்பிய ஓவியர் வழக்கம். 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையை அடுத்தடுத்துப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மை; ஆனால் அப்போது அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றின் கீழ் மடங்கியிருந்தன. கண் காணாத கணத்தைக் காமிரா கண்டது. அதற்கு நேர்மாறான பயனும் விளைந்தது. நடப்பவர் உருவம் பழைய தகடுகளில் கலைந்து நிழல் போல் விழுவதுண்டு. மோனே என்ற ஓவியர் 1873-ஐ ஒட்டி எழுதிய பாரிஸ் வீதிக் காட்சியில், மாடியிலிருந்து பார்க்கும்போது தெரியும் மக்கள் கூட்டத்தை அவ்வாறே சிறுசிறு கருந்தீற்றல்களாக வைத்தார். அந்த மாடி, நாதார் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரரின் நிலையம் இருந்த இடம். மோனேயும் தோழர்களும் 1874-இல் தங்கள் முதற்கண்காட்சியை நடத்தியதும் அங்கேதான்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே புகைப்படம் தெருவிலிருந்து வந்ததைவிட நிலையத்திலிருந்தே ஓவியத்துக்குள் மிகுதியாக வந்தது. பழைய வீடுகளின் கூடத்தில் தொங்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டனார் நாற்காலியின் மேல் கை வைத்து விறைப்பாக நிற்பார். பின்னால் திரைச்சீலையில் எழுதிய தூணும் படிக்கட்டும் இருக்கும். அவர் விறைத்து நிற்பதற்குக் காரணம் கர்வமன்று. அசைந்தால் படம் கலையும். ஆகவே தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைத்து நிறுத்துவதும் உண்டு. அந்தத் திரைச்சீலைத் தூணோ ஐரோப்பிய ஓவியத்திலிருந்து இரவல் வாங்கியது. ஓவியம் புகைப்பட நிலையத்துக்குத் தூணைக் கொடுத்தது; நிலையம் அந்த விறைப்பையும் சேர்த்து ஓவியத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. புகைப்படத்தைப் பார்த்து எழுதிய எத்தனையோ உருவப்படங்களில், அவசியம் போன பிறகும் அந்த விறைப்பு மட்டும் போகவில்லை.

கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848-1906) இதற்கு ஒரு படி மேலே சென்றவர். அவரும் தம்பி ராஜராஜ வர்மாவும் தம் வேலைக்குப் புகைப்படங்களைத் துணைக்கொண்டனர். புராணக் கதை மாந்தரை அவர் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறுத்தினார். காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் தேடும் துஷ்யந்தன் படத்தில் இல்லை; சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறான். சுந்தரரின் வாழ்க்கையையே ஒரு சுவரில் ஓடவிட்ட மரபு, இங்கே ஒரு திரும்பலில் ஒரு நொடியாகச் சுருங்கி நிற்கிறது. இதில் நாடக மேடையின் பங்கும் பெரிது. ஆயினும் நின்றுபோன நொடிக்கு நம் கண்ணைப் பழக்கியதில் காமிராவுக்கும் பங்கு உண்டு. 1894-இல் அவர் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வழியாக இவ்வமைப்பு நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது.

பின்னர்க் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) என்ற ஓவியர் இரண்டையும் இணைத்தார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர் நாடகத் திரைகளும் எழுதியவர். புகைப்படத் தொழிலோடும் தொடர்புடையவர். சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பரவிய காலண்டர்த் தெய்வங்களில் அவர் கைவண்ணத்தைக் காணலாம். பின்னால் ஏரியும் மலையும் தொலைவில் தேய்ந்து செல்வது காமிராவும் திரைச்சீலையும் தந்த அமைப்பு. முன்னால் தெய்வம் நடுவிலே நேர்முகமாக நம்மையே நோக்கியிருப்பது தஞ்சாவூர்ப் பலகை தந்த அமைப்பு. வழிபடுபவருக்குத் தெய்வத்தின் முழுப் பார்வை வேண்டும். அதை ஓரத்தில் வெட்டி வைக்க முடியாது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்று அவர் அறிந்திருந்தார்.

காமிராவுக்கு எட்டாததும் உண்டு. டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வியக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் அதே கோயிலுக்குள் சோழர் ஓவியங்கள் நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சின் அடியில் அப்போது மறைந்து கிடந்தன. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறியும்வரை உலகம் அவற்றை அறியவில்லை. மேற்பரப்பை அளந்து காட்டுவது காமிராவின் வலிமை; மேற்பரப்போடு நின்றுவிடுவது அதன் எல்லை. பிற்காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் எழுதிய ஓவியங்களில், எழுத்துப் போன்ற குறிகளையும் சாதகக் கட்டங்களையும் பரப்பி வைத்தார். நின்று பார்க்கும் இடமும் ஒற்றை நொடியும் அங்கே இல்லை. புகைப்படத்தை நன்கு அறிந்த ஒரு காலம், அது போகாத வழியைத் தேடிச் சென்றதன் விளைவு அது.

மாணவ நண்பர்களே, இவ்வளவும் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று உங்களில் பலருடைய சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. அதற்குள் காமிரா இருக்கிறது. ஒரு படத்தை எடுத்து, கட்டம் போட்டு, அப்படியே பெரிதாக்கி எழுதுவது எளிது. அப்படி எழுதும்போது அமைப்பை யார் தீர்மானித்தார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியின் சட்டம் ஒரே அளவானது. அதன் வில்லை அருகிலுள்ளதைப் பெருக்கித் தொலைவிலுள்ளதை ஒடுக்கும். அந்த முடிவுகளைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், மிஞ்சுவது கைத்திறன் மட்டுமே.

ஒரு சிறு பயிற்சி சொல்கிறேன். கெட்டி அட்டையில் மூன்று அங்குலத்துக்கு நான்கு அங்குலமாக ஒரு சாளரம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் வழியே ஒரு காட்சியைப் பாருங்கள். நில்லுங்கள், உட்காருங்கள், பத்தடி தள்ளிப் போங்கள். ஓரம் எதை வெட்டுகிறது, நடு எப்போது வெறுமையாகிறது என்று கவனியுங்கள். பிடித்த இடத்தில் நின்று பத்து நிமிஷம் கையால் எழுதுங்கள். அதன் பிறகு, அதற்கு முன்பல்ல, அதே இடத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் பெரிதாக எழுதிய ஏதோ ஒன்று புகைப்படத்தில் சிறிதாக இருக்கும். நீங்கள் கவனியாமல் விட்ட ஏதோ ஒன்று அதில் பளிச்சென்று தெரியும். இரண்டாவதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள், முதலாவதை அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். உங்கள் கண் அதைப் பெரிதாகக் கண்டதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் புலப்படும்போது, படத்தை எப்படி அமைப்பது என்பதும் புலப்படத் தொடங்கும்.